டிராம் தடத்தின் இருபதாம் ஆண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் டிராம் ஓடியதைப் பற்றிப் பேச்சு வந்தால் முடிவு எப்போதும் ஒன்றாகவே சொல்லப்படுகிறது. ரிக்‌ஷாக்காரர்கள் குறைந்த கட்டணத்துக்கு ஏற்றிச் சென்றார்கள், கொசு பஸ்கள் என்ற தனியார் சிறு பஸ்கள் குறுக்கே புகுந்து பயணிகளை அள்ளிக்கொண்டன, டிராம் தோற்றது. பள்ளிப் பிள்ளைகளின் திட்டப்பணிகளிலும் இதே வரிதான் இடம்பெறுகிறது. இது பாதி உண்மை. மீதிப் பாதி சாலைக்கு அடியில் கிடந்தது. பழைய புகைப்படங்களில் வண்டி தெரிகிறது, மேலே கம்பி தெரிகிறது, பக்கத்தில் ரிக்‌ஷாவும் தெரிகிறது. தண்டவாளத்தின் தேய்மானமும் அதன் இணைப்புகளும் அடித்தளமும் எந்தப் படத்திலும் விழுவதில்லை. அந்தப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இன்றைய எம்ஆர்டி, எல்ஆர்டி ரயில் தடங்களுக்கும் அதே கணக்கு பொருந்துவதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இங்கே ஓடியவை இரண்டு வேறு டிராம்கள். 1886 மே மாதம் ஓடத் தொடங்கி 1894-ல் நின்றுபோனது நீராவி டிராம். அதை ரிக்‌ஷா வென்றது என்று யாராவது எழுதினால் நான் மறுக்க மாட்டேன். காலையில் முதல் பயணி ஏறுவதற்கு வெகுநேரம் முன்பே நீராவி இயந்திரத்துக்குக் கரி போட்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்து, அழுத்தம் ஏற்றியாக வேண்டும். பெட்டியில் நாலு பேர் இருந்தாலும் நாற்பது பேர் இருந்தாலும் கரிச்செலவில் பெரிய வித்தியாசம் கிடையாது. நிறுத்தத்தில் நிற்கும்போதும் கரி எரிந்துகொண்டே இருக்கும். 1880-ல் ஷாங்ஹாயிலிருந்து வந்திறங்கிய ரிக்‌ஷாவுக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. சந்துக்குள் நுழையும், வாசற்படியில் இறக்கிவிடும். எட்டே ஆண்டில் நீராவி டிராம் மூச்சை நிறுத்தியதில் வியப்பில்லை.

மின்சார டிராமின் கதை வேறு. 1905 ஜூலையில் அது ஓடத் தொடங்கியது. கெப்பல் துறைமுகப் பக்கத்திலிருந்து தஞ்சோங் பகார், நகர மையம் வழியாகக் கேலாங் வரை ஒரு நீண்ட தடம். நம்மவர்கள் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்த சிராங்கூன் சாலை வழியாகப் பாய லேபார் நோக்கி இன்னொன்று. டேங்க் ரோட்டுக்கு ஒன்று. தண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே டேங்க் ரோடுதான். 1903-ல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் - கிராஞ்சி ரயில்பாதையின் நகர நிலையம் அங்கே இருந்ததால் டிராமும் அங்கே போனது. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் ஒரு மீட்டர், மலாயா ரயில்பாதையின் அதே அளவு.

இந்த வண்டிகளுக்கு மின்சாரம் வந்தது மெக்கன்சி சாலையிலிருந்து. தேக்கா சந்தையிலிருந்து நடந்தே போய்விடலாம். டிராம் நிறுவனத்தின் மின்னுற்பத்தி நிலையம் அங்கே இருந்தது. 1906-ல் ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் ரோடு, போட் கீ ஆகிய இடங்களில் முதன்முதலாக மின்சாரத் தெருவிளக்குகள் எரிந்தபோது, நகராட்சி அந்த மின்சாரத்தை டிராம் நிறுவனத்திடமிருந்துதான் விலைக்கு வாங்கியது. நம் ஊரில் பொதுச் சாலைக்கு மின்விளக்கு வந்ததே டிராம் வழியாக வந்தது. இதைச் சொல்லும் ஒரு பலகை மெக்கன்சி சாலையில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். அந்தப் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

மின்சார டிராம் எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எங்கே நோய் பிடித்தது என்பது புரியும். சாலைக்கு மேல் ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்தில் ஒற்றைச் செப்புக் கம்பி. அதில் அந்தக் காலத்து டிராம்களுக்கு வழக்கமான 500 முதல் 600 வோல்ட் வரையிலான டிசி மின்சாரம். வண்டியின் கூரையிலிருந்து நீளும் கம்பத்தின் நுனியில் ஒரு சிறு சக்கரம் அந்தக் கம்பியைத் தொட்டுக்கொண்டே உருளும். மின்சாரம் கம்பம் வழியாக இறங்கி மோட்டார்களுக்குப் போய், இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கி, மின் நிலையத்துக்குத் திரும்பும். ஆக, தண்டவாளம் வண்டியைச் சுமப்பதோடு மின்சுற்றின் பாதியாகவும் இருக்கிறது. இரண்டு வேலையிலும் அது தேயும்.

மின்சார வேலையை முதலில் எடுத்துக்கொள்வோம். தண்டவாளம் ஒரே நீளமாக வருவதில்லை. ஒரு துண்டு 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டர் ஒற்றைத் தடத்தில் இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 167 இணைப்புகள் வரும். ஒவ்வோர் இணைப்பிலும் இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு முடுக்குவார்கள். துருப்பிடித்த தகடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால், ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தனியாகச் செப்புக் கயிறு ஒன்றையும் அடித்துப் பொருத்துவார்கள். அந்தச் செப்பு அறுந்தாலோ தளர்ந்தாலோ மேலே ஒன்றும் தெரியாது. மின்சாரம் மட்டும் வேறு வழி தேடிக்கொள்ளும். ஈர மண்ணில் இறங்கி, பக்கத்தில் கிடக்கும் குடிநீர்க் குழாயில் ஏறி, மின் நிலையத்துக்கு அருகே குழாயை விட்டு மீண்டும் மண்ணுக்குள் இறங்கும். குழாயை விட்டு இறங்கும் இடத்தில்தான் சேதம். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டு இடைவிடாமல் இரும்பை விட்டு வெளியேறினால் 9 கிலோவுக்கும் சற்றுக் கூடுதலான இரும்பை அரித்துக்கொண்டு போய்விடும். குழாயின் சுவர் எங்கும் சீராக அரிவதில்லை, ஒரே இடத்தில் ஓட்டை விழும். இதனால்தான் பிரிட்டனில் திரும்பும் பாதையின் எந்த இரு புள்ளிகளுக்கு இடையிலும் 7 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்று விதி வைத்தார்கள். ஆண்டு முழுவதும் மண் ஈரமாக இருக்கும் நம் ஊரில் கசிவுக்கு வழி இன்னும் எளிது.

இனி சுமக்கும் வேலை. டிராம் தண்டவாளம் ரயில் தண்டவாளத்தைப் போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்காது. சாலை மட்டத்துக்குப் புதைந்து, தலையில் ஒரு காடியோடு, அதாவது நீளவாக்கில் ஓடும் குறுகிய பள்ளத்தோடு, இருக்கும். சக்கரத்தின் உள்விளிம்பு அந்தக் காடிக்குள் ஓடும். பொதுவாகக் காடியின் ஆழம் 3 முதல் 4 சென்டிமீட்டர், சக்கர விளிம்பின் உயரம் 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். தண்டவாளத்தின் தலை ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் தேய்ந்ததும் விளிம்பு காடியின் அடியில் உரசத் தொடங்கும். உரசினால் அடி பிளக்கும். அதன் பிறகு பழுதுபார்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, சாலையைத் தோண்டி முழுத் துண்டையும் மாற்ற வேண்டும். நேரான தடத்தில் இந்த நிலைக்கு வர இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். வளைவில் பாதிக் காலம்கூடத் தாங்காது, ஏனென்றால் அங்கே சக்கரம் தண்டவாளத்தின் பக்கவாட்டையும் சீவிக்கொண்டே போகும்.

காடிக்குள் விழும் மண்ணும் இலையும் தனித் தொல்லை. மழை பெய்து வண்டல் காடியில் இறுகினால் சக்கர விளிம்பு அதன்மேல் ஏறி நிற்கும். இரும்போடு இரும்பு படாததால் மின்சுற்று அறுந்து வண்டி அப்படியே நின்றுவிடும். இதற்காகவே டிராம் ஊர்களில் காடியைச் சுரண்டும் ஆட்கள் நாள்தோறும் வேலை பார்த்தார்கள். தண்டவாளக் காடியிலிருந்து நீர் வடிய இடைவெளி விட்டு வடிகால் துளைகளும் வைக்க வேண்டும். அந்தத் துளைகள் அடைத்தால் தடத்தின் அடியில் நீர் தேங்கும்.

எல்லாவற்றையும் விட மோசமானது இணைப்பு இறங்குவது. போல்ட் அதிர்வில் தளரும். சக்கரம் ஒரு துண்டின் முனையை அழுத்திவிட்டு அடுத்த துண்டின் முனையில் மோதும். மோதும் இடத்துக்கு அடியில் கான்கிரீட்டோ ஜல்லியோ நொறுங்கும். நொறுங்கிய இடத்தில் தண்ணீர் புகும். அடுத்த வண்டி வரும்போது அந்தத் தண்ணீர் சேறாகப் பீய்ச்சி வெளியே வரும், வரும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு வரும். உள்ளே வெற்றிடம். சுற்றிலும் பதித்த கல் ஆட்டம் காணும். பிறகு மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை போட்ட சக்கரமோ, காற்றில்லாத ரப்பர் டயர் போட்ட அந்தக் காலத்து லாரியோ அதில் விழுந்து எழும்போது பள்ளம் நிரந்தரமாகும். சரிசெய்வதற்குக் கல்லைப் பெயர்த்து, தண்டவாளத்தைத் தூக்கி, அடியில் புதிதாக இறுக்கி, தகடு மாற்றி, செப்புக் கயிறு மாற்றி, கல்லை மறுபடி பதித்து, கான்கிரீட் இறுகும் முன்பே விடியற்காலை முதல் வண்டியை விட வேண்டும். அவசரத்தில் இறுகாத கான்கிரீட்டின்மேல் வண்டி ஓடினால் ஆறு மாதத்தில் அதே இணைப்பு மீண்டும் இறங்கும். டிராம் தடம் பராமரித்த எல்லா ஊர்களிலும் இந்தச் சுழல்தான் பணத்தைத் தின்றது.

இங்கேதான் ரிக்‌ஷாவும் மாட்டு வண்டியும் உண்மையில் என்ன செய்தன என்பது தெரிகிறது. பிரிட்டனின் 1870-ஆம் ஆண்டு டிராம் சட்டம் ஒரு கடமையை வைத்தது. தண்டவாளங்களுக்கு இடையிலும், வெளிப்பக்கம் இருபுறமும் 18 அங்குலம் வரையிலும் சாலையை டிராம் நிறுவனமே தன் செலவில் பராமரிக்க வேண்டும். டிராமைக் குதிரைகள் இழுத்த காலத்தில் அதில் நியாயம் இருந்தது, குதிரையின் குளம்புதான் அந்த இடத்தைப் பெயர்த்தது. மின்சாரம் வந்த பிறகும் கடமை அப்படியே நின்றது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நகரங்களுக்கும் இந்தக் கொள்கையே முன்மாதிரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் அகலத் தடத்துக்கு இருபுறமும் 46 சென்டிமீட்டர் சேர்த்தால் ஏறத்தாழ 2 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 2,000 சதுர மீட்டர். இன்றைய நான்கறை வீடுகள் இருபத்திரண்டின் தரைப்பரப்பு. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு சாலையை டிராம் நிறுவனம் கல் பதித்து வைத்திருந்தால், அதன்மேல் மற்ற எல்லா வண்டிகளும் காசில்லாமல் ஓடித் தேய்க்கலாம். போட்டிக்காரன் பயணியைப் பறித்தது ஒரு பக்கம், பறித்தவன் ஓடிய பாதைக்கான செலவும் டிராமின் தலையில் விழுந்தது இன்னொரு பக்கம். ஆனால் அந்தப் பாதையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1905-ல் பதித்த தடத்துக்கு 1920-களின் தொடக்கத்தில் என்ன வயது என்று பாருங்கள். பதினைந்து, இருபது ஆண்டுகள். இடையில் முதல் உலகப்போர். இரும்பு கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கப்பல் கிடைக்கவில்லை. தள்ளிப்போட்ட பராமரிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றது. தடம் மோசமாகத் தேய்ந்திருந்தது. முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் பதிக்கும் அளவுக்கு வருமானத்திலிருந்து யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஷாங்ஹாயில் 1914 முதல் டிராலி பஸ் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரும் அந்த வழியை எடுத்தது. 1925-ல் சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி உருவானது, 1926 ஆகஸ்ட்டில் டிராலி பஸ் ஓடத் தொடங்கியது, 1927 செப்டம்பரில் கடைசி டிராம் நின்றது.

டிராலி பஸ் என்பது என்ன? டிராமின் மோட்டார், டிராமின் மின்சாரம், டிராமின் மேல்கம்பி, டிராம் போன அதே சாலைகள். தண்டவாளம் மட்டும் இல்லை. திரும்பும் மின்சாரத்துக்குத் தண்டவாளம் இல்லாததால் மேலே இரண்டாவதாக ஒரு கம்பியும், கூரையில் இரண்டாவதாக ஒரு கம்பமும் சேர்த்தார்கள். அவ்வளவுதான். எந்த உறுப்பை வெட்டி எறிந்தார்கள் என்று பார்த்தால் எது நோயுற்றிருந்தது என்பது தெரியும். கொசு பஸ்கள் 1927-க்குப் பிறகும் ஓடின. அவற்றோடு போட்டி போட்டுக்கொண்டுதான் டிராலி பஸ் 1962 டிசம்பர் வரை, ஏறத்தாழ 36 ஆண்டுகள், ஓடியது. டிராம் ஓடியதோ 22 ஆண்டுகள். போட்டி மட்டுமே காரணமென்றால் டிராலி பஸ்ஸும் அதே வேகத்தில் மறைந்திருக்க வேண்டுமே!

டிராலி பஸ்ஸுக்கும் தொல்லைகள் உண்டு. ஆனால் அவை மேலே இருந்தன, ஏணி வைத்து எட்டிவிடலாம். இரண்டு கம்பிகள் அரை மீட்டர் இடைவெளியில் போகும். சாலைச் சந்திப்பில் ஒரு தடத்தின் நேர்மின் கம்பி இன்னொன்றின் எதிர்மின் கம்பியைக் கடக்க வேண்டும், தொட்டால் தீப்பொறி. அதனால் அங்கே மின்சாரம் இல்லாத ஒரு சிறு துண்டு வைப்பார்கள். அதைக் கடக்கும்போது ஓட்டுநர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, வந்த வேகத்திலேயே உருண்டு போக வேண்டும். அங்கே நின்றுவிட்டால் வண்டியைத் தள்ளத்தான் வேண்டும். வேகமாகத் திரும்பினால் கம்பம் கம்பியை விட்டுத் துள்ளும். அதை மீண்டும் மாட்டுவதற்கென்று நீண்ட மூங்கில் கழி வைத்துக்கொள்வது டிராலி பஸ் ஊர்களின் வழக்கம். இதற்கெல்லாம் ஈடாக ஒரு வசதி இருந்தது. கம்பிக்கு இருபுறமும் நான்கு மீட்டர் வரை வண்டி விலகி ஓடலாம். நின்றுபோன மாட்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு போகலாம், சாலையோரத்தில் வந்து பயணியை ஏற்றலாம். டிராம் பயணி சாலை நடுவே இறங்கி, ரிக்‌ஷாக்களுக்கும் வண்டிகளுக்கும் இடையே ஓடி ஓரம் சேர வேண்டியிருந்தது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் டீசல் பஸ்ஸுக்குக் கம்பியே தேவைப்படவில்லை, சாலை மாறினால் தடமும் அன்றைக்கே மாறும். அதன் பிறகு டிராலி பஸ் நீடிக்கவில்லை.

சென்னையில் வேர் உள்ள வாசகர்களுக்கு ஒன்று. 1895-ல் மெட்ராஸில் தொடங்கிய மின்சார டிராம் முதலில் மேல்கம்பி இல்லாமல், சாலைக்கு அடியில் ஓடிய குழிக்குள் மின்சாரம் வைத்துத்தான் ஓடியது. பருவமழையில் குழிக்குள் தண்ணீர் நிறைந்தது. மேல்கம்பிக்கு மாறினார்கள், பிறகு 1953 வரை ஓடியது. வெப்பமண்டல மழையும் சாலைக்கு அடியில் வைக்கும் மின்சாரமும் ஒத்துப்போகாது என்பதை நம்மவர்கள் அப்போதே காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

இவ்வளவும் ஏன் இப்போது? இரும்புப் பாதையில் ஓடும் எதற்கும் இருபது, முப்பது ஆண்டில் ஒரு பெரிய கணக்கு வந்து நிற்கும். நம் வடக்கு - தெற்கு, கிழக்கு - மேற்கு எம்ஆர்டி தடங்களையே பாருங்கள். 1987 நவம்பர் 7-ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களோடு தொடங்கிய ரயில். மரக்கட்டைகளின்மேல் பதித்த தண்டவாளத்தை 1,88,000 கான்கிரீட் கட்டைகளுக்கு மாற்றி முடித்தது 2016-ல். ஒவ்வோர் இரவும் கடைசி ரயில் போன பிறகு கிடைக்கும் மூன்று, மூன்றரை மணி நேரத்துக்குள் ஆட்களும் இயந்திரங்களும் தடத்தில் இறங்கி, வேலை செய்து, கருவிகளை எண்ணி எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். 1999 நவம்பரில் தொடங்கிய புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டியைப் புதுப்பிக்க 344 மில்லியன் வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தானது 2018-ல், அதாவது பத்தொன்பதாம் ஆண்டில். 1905-ஐயும் 1925-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே இடைவெளி.

வேறுபாடு செலவு யாருடையது என்பதில் இருக்கிறது. எம்ஆர்டியின் தண்டவாளமும் சுரங்கமும் தொடக்கம் முதலே அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்தன. ரயில்கள், சமிக்ஞைக் கருவிகள் ஆகியவை இயக்கும் நிறுவனத்திடம் இருந்தன. 2016 அக்டோபர் 1 முதல் வடக்கு - தெற்கு, கிழக்கு - மேற்கு, வட்டப் பாதை, புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி ஆகியவற்றின் இயக்கச் சொத்துகளையும் நிலப் போக்குவரத்து ஆணையம் ஏறத்தாழ 1.06 பில்லியன் வெள்ளிக்கு எடுத்துக்கொண்டது. இயக்கும் நிறுவனம் உரிமக் கட்டணம் கட்டும், அந்தப் பணம் புதுப்பிப்புக்கென்று தனி நிதியில் சேரும். அந்த ஏற்பாட்டின்போது பலர் அதை வெறும் கணக்குப் புத்தகச் செய்தியாகக் கடந்துபோனார்கள். 1905-ல் அப்படி ஒரு நிதி இருந்திருந்தால் கேலாங் டிராமின் தடத்தை 1925-ல் மாற்றியிருக்கலாம். அதற்குப் பிறகு டிராம் எத்தனை ஆண்டு ஓடியிருக்கும் என்பது வேறு விஷயம்.

சிங்கப்பூரில் மீண்டும் சாலை டிராம் விட வேண்டும் என்று கேட்போரும் இருக்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஹாங்காங்கில் 1904 முதல் ஓடுகிறது, மெல்பர்னில் உலகின் மிகப் பெரிய டிராம் கட்டமைப்பு இருக்கிறது. மேல்கம்பி அழகைக் கெடுக்கும் என்ற பயமும் இப்போது வேண்டாம். தைவானின் கவ்சியோங் நகரில் நிறுத்தத்தில் நிற்கும் நேரத்திலேயே மின்னேற்றிக்கொண்டு, நிறுத்தங்களுக்கு இடையே கம்பியில்லாமல் ஓடுகிறது. அந்த வட்டத் தடம் 2024 ஜனவரி முதல் முழுமையாகச் சுற்றுகிறது. ஆனால் கேட்பவர்கள் வண்டியின் படத்தோடு நின்றுவிடாமல் சில கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தடத்துக்கு ஏறத்தாழ அரை மீட்டருக்கு மேல் தோண்ட வேண்டும். அங்கே இப்போது கிடக்கும் தண்ணீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் முதலில் நகர்த்த வேண்டும். நகர்த்தாமல் தடத்தை மேலே போட்டால், பிறகு குழாய் வெடிக்கும்போதெல்லாம் டிராம் நிற்கும். இந்த நகர்த்தும் வேலைக்குத் தண்டவாளம் பதிப்பதைவிடச் செலவு கூடிவிடுவதும் உண்டு. தண்டவாளத்தை ரப்பர் உறையில் போர்த்திக் கான்கிரீட்டில் பதிக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பு சொன்ன கசிவு மின்சாரம் மீண்டும் தலையெடுக்கும். நம் மழைக்கு ஏற்றபடி காடியில் வடிகால் எத்தனை மீட்டருக்கு ஒன்று? சைக்கிள் சக்கரம் காடியில் சிக்காமல் இருக்கத் தடத்தை எந்தக் கோணத்தில் கடக்க வைப்பது? நீண்ட வண்டி திரும்ப 20, 25 மீட்டர் ஆரம் வேண்டும், சிராங்கூன் சாலையின் பக்கத் தெருக்களில் அது எங்கே இருக்கிறது? டிராம் தடத்தில் மற்ற வண்டிகளும் ஓடலாமா? ஓடலாம் என்றால், தேயும் சாலைக்கு யார் பணம் கட்டுவது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டம் 1905-ல் போட்ட அதே திட்டம்.

வளைவையும் குறுகிய தெருவையும் பார்த்தால், பழைய நகரப் பகுதியில் சாலை டிராம் வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கே எம்ஆர்டியின் வடகிழக்குப் பாதை ஏற்கெனவே 2003 முதல் தரைக்கு அடியில் ஓடுகிறது. புதிதாகத் திட்டமிடும் நகரங்களில், சாலையையும் குழாயையும் முதல் நாளே தள்ளி வைக்க முடிகிற இடத்தில் மட்டுமே யோசிக்கலாம்.

கடைசியாக மெக்கன்சி சாலைப் பலகைக்கு வருகிறேன். டிராம் இருந்ததற்கான அடையாளம் நம் தெருக்களில் மிகக் குறைவு. விலங்குத் தோட்டத்தில் ரப்பர் டயரில் சுற்றிவரும் வண்டியை டிராம் என்று நம் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதில் குற்றமில்லை, ஆனால் அது மட்டுமே தெரிந்திருப்பது போதாது. தேசிய மரபுடைமைக் கழகம் மூன்று இடங்களில் விளக்கப் பலகை வைக்கலாம். மின் நிலையம் இருந்த மெக்கன்சி சாலை, ரயிலும் டிராமும் சந்தித்த டேங்க் ரோடு, நீண்ட தடம் முடிந்த கேலாங். வண்டியின் படத்தோடு தண்டவாளத்தின் குறுக்குவெட்டுப் படத்தையும் போட வேண்டும். காடி எது, செப்புக் கயிறு எங்கே, மின்சாரம் எந்த வழியாகத் திரும்பியது என்று அம்புக்குறி போட்டுக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். நான்கு மொழிகளிலும் எழுத வேண்டும். அந்தக் காலத்து நகராட்சிச் சாலைப் பணிகளில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். சாலையைப் பற்றிய பலகையில் தமிழ் விடுபட்டால் அது பெரிய குறை.

இன்னொரு வேண்டுகோள் உங்கள் வாசகர்களுக்கு. டிராலி பஸ் 1962 வரை ஓடியதால், அதை ஓட்டியவர்கள், டிக்கெட் கொடுத்தவர்கள், பணிமனையில் வேலை பார்த்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கலாம். பெட்டியில் பழைய டிக்கெட்டோ, அடையாள வில்லையோ, சம்பளச் சீட்டோ, பணியாளர்கள் சேர்ந்து எடுத்த படமோ இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் (பேனா வேண்டாம், மை ஊறும்) யார், எந்த ஆண்டு, எந்த இடம் என்று எழுதி, தேசிய ஆவணக் காப்பகத்திடம் காட்டுங்கள். குறிப்பாகக் கம்பி வேலை, தட வேலை பார்த்தவர்களின் கருவிகளும் குறிப்பேடுகளும் வேண்டும். ஓட்டுநரின் படம் எளிதில் கிடைக்கும், இணைப்பை முடுக்கியவரின் படம் அரிது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
பொத்தோங் பாசிர்